வீட்டுக்கு எந்த ஏணி வாங்கலாம்? ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் கொங்குப் பக்கம் காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் ஒரு கொத்தாகக் கட்டி வீட்டு எறவாரத்தில் (கூரை விளிம்பில்), மாட்டுக் கொட்டகையில், காட்டு மூலையில் எல்லாம் செருகி வைப்போம். சில வருசங்களுக்கு முன்னால் அந்தச் சாயங்காலத்தில்தான் அம்மா கீழே விழுந்தார்.

எறவாரம் தரையிலிருந்து எட்டடி இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா ஏறினார். "இருங்கம்மா, ஏணி எடுத்துட்டு வர்றேன்" என்றேன். "இதொண்ணுக்குப் போயி ஏணியா கண்ணு? எட்டிச் செருகிட்டு எறங்கிக்கறேன்" என்றார். அன்று காலையில் சாணி போட்டு வழித்த வாசல், மண் இன்னும் ஈரம். நாற்காலியின் ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கியது. அம்மா பக்கவாட்டில் சாய்ந்து, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

எங்கள் வீட்டில் ஏணி இல்லாமல் இல்லை. பட்டறையில் சொல்லி அடித்த 12 அடி இரும்பு ஏணி ஒன்று கொட்டகை ஓரம் கிடந்தது. அதைத் தூக்கி வர இரண்டு ஆள் வேண்டும். எட்டடி எறவாரத்தில் பூச் செருக அதை யாரும் எடுத்து வர மாட்டார்கள், நாற்காலியைத்தான் இழுப்பார்கள். வேலைக்கு ஒவ்வாத ஏணி வீட்டில் கிடந்தால் ஏணியே இல்லாத மாதிரிதான். அன்றிலிருந்து ஏணி பற்றி யார் கேட்டாலும், கடைக்குப் போகும் முன்னால் வீட்டை அளந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

1. டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்

வருசத்தில் எதற்கெல்லாம் உயரத்தில் ஏறுகிறீர்கள் என்று எழுதுங்கள். ஃபேன் துடைக்க, டியூப்லைட் மாற்ற, அட்டாலியில் இருந்து அண்டா குண்டா இறக்க, திரைச்சீலைக் கம்பி மாட்ட, போர்டிகோ பல்பு மாற்ற, தண்ணீர் டேங்க் கழுவ, சோலார் ஹீட்டரைத் துடைக்க, ஓடு மாற்ற, சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்க. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விசயம் குறியுங்கள்: கை போக வேண்டிய இடம் தரையிலிருந்து எத்தனை அடி, ஏணி நிற்கப் போகும் தரை என்ன தரை, பக்கத்தில் சாய்க்கச் சுவர் இருக்கிறதா.

இந்தப் பட்டியலில் ஏணியே தேவைப்படாத வேலைகள் சில இருக்கும். அவற்றை முதலில் அடித்துவிடுங்கள். ஒட்டடைக்கு நீளக் குச்சி போதும். முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டி போதும். முருங்கை மரத்தில் ஏணி சாய்க்கவே கூடாது என்று மூலனூர்ப் பக்கம் முருங்கை போட்டிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பார்க்கத் தடிமனாக இருக்கும் கிளையும் ஆள் கனம் ஏறினால் மளுக்கென்று ஒடிந்துவிடும். தென்னைக்கும் வீட்டு ஏணி ஆகாது. உருண்டை மரத்தில் ஏணியின் மேல்முனை இரண்டு பக்கமும் பதியாமல் உருளும். அதற்கு மரம் ஏறுகிறவரையோ, மரம் ஏறும் கருவியையோ தேடுங்கள்.

2. கை எட்டும் உயரத்தை விட்டுவிட்டு, கால் நிற்கும் உயரத்தைக் கணக்கிடுங்கள்

கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை அடி ஏணிங்க வேணும்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

உங்கள் உயரத்தோடு ஓர் அடியைக் கூட்டுங்கள். தரையில் நின்று, குதிகாலைத் தூக்காமல், இரண்டு கையாலும் நிம்மதியாக வேலை செய்யக்கூடிய உயரம் ஏறக்குறைய அதுதான். வேலை இருக்கும் உயரத்திலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் வருவது உங்கள் பாதம் நிற்க வேண்டிய உயரம்.

ஐந்தரை அடி ஆள் 10 அடி கான்கிரீட் கூரையில் ஃபேன் கொக்கியை மாட்டுகிறார் என்று வையுங்கள். ஐந்தரையோடு ஒன்று சேர்த்தால் ஆறரை. பத்தில் ஆறரை போனால் மூன்றரை. அவர் பாதம் தரையிலிருந்து மூன்றரை அடியிலாவது நிற்க வேண்டும். அதே வீட்டில் ஐந்தடி உயரமுள்ள பெண், எட்டரை அடியில் சுற்றும் ஃபேன் இறக்கையைத் துடைக்க இரண்டரை அடி போதும். வீட்டில் இரண்டு பேரும் ஏணியில் ஏறுவதாக இருந்தால் உயரம் குறைந்தவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். எட்டாமல் எக்கி நிற்கும்போதுதான் ஏணி சாயும். தேவைக்கு ஓர் அடி குறைந்த ஏணிதான் எனக்குத் தெரிந்து வீட்டில் மிக ஆபத்தான ஏணி.

இன்னொரு இடத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். கடையில் "அஞ்சு படி ஏணி" என்றால் ஐந்தடி ஏணி என்று அர்த்தம் இல்லை. படிக்குப் படி இடைவெளி பெரும்பாலும் முக்கால் அடி முதல் ஓர் அடிக்குள் இருக்கும். எனவே படியை எண்ணாமல், நீங்கள் நிற்கப் போகும் படிவரை டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

நிற்கப் போகும் படி எது என்பதும் முக்கியம். மேலே கைப்பிடி இல்லாத சாதாரண இரட்டைக்கால் ஏணியில் உச்சியும் அதற்கு அடுத்த படியும் நிற்பதற்கானவை அல்ல. உச்சிப் படியில் நின்றால் முழங்காலுக்கு அண்டை கொடுக்க எதுவும் இருக்காது. மேலே அகலமான தட்டும், அதற்கு மேல் இடுப்பளவோ முழங்காலளவோ வளைகம்பியும் வைத்த ஏணியில் மட்டும் உச்சித் தட்டில் நிற்கலாம்.

3. தானே நிற்பதா, சாய்ப்பதா?

ஏணியில் எத்தனை ரகம் இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஃபேனுக்கும் அறை நடுவில் உள்ள விளக்குக்கும் சாய்க்கச் சுவர் கிடையாது. அங்கே இரண்டு பக்கமும் கால் விரிந்து தானே நிற்கும் ஏணிதான் வேண்டும். ஃபேன் கழற்றி மாட்டும்போது நான்கைந்து கிலோ எடை தலைக்கு மேல் இருக்கும், இரண்டு கையும் அதில்தான் இருக்கும், பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. அதனால்தான் கான்கிரீட் வீட்டுக்கு ஒரே ஒரு ஏணி வாங்கச் சொன்னால், தட்டும் வளைகம்பியும் வைத்த அலுமினிய ஏணியைச் சொல்வேன். தட்டு மூன்றரை, நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும். அட்டாலிக்கும் ஃபேனுக்கும் திரைச்சீலைக்கும் அது ஒன்றே போதும். ஒரு கையில் தூக்கி வரலாம், கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கலாம். அப்படி இருந்தால்தான் நாற்காலி தன் வேலையை மட்டும் செய்யும்.

இந்த ஏணியை மடக்கியபடியே சுவரில் சாய்த்து ஏறுவதைப் பல வீட்டில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். விரித்து நிற்கும்போது தரையில் பதியத்தான் அதன் ரப்பர் கால்கள் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். மடக்கிச் சாய்த்தால் ஓரம் மட்டும்தான் தரையைத் தொடும், வழுக்கிவிடும்.

மொட்டை மாடிக்கும் எறவாரத்துக்கும் வெளிச் சுவருக்கும் சாய்ப்பு ஏணி. இதில் நீளக் கணக்கு வேறு. சாய்க்கும் இடம் நாலு அடி உயரம் என்றால் அடிக்கால் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். பத்தடிக்கு இரண்டரை அடி. இதைவிடக் கிட்டே வைத்தால் ஆளோடு பின்னால் மல்லாக்கச் சாயும், தள்ளி வைத்தால் கால் சறுக்கும். அளக்க டேப் இல்லையா? ஏணியின் அடிக்காலில் உங்கள் கால் கட்டைவிரல் தொடும்படி நேராக நின்று இரண்டு கையையும் தோள் மட்டத்தில் நீட்டுங்கள். உள்ளங்கை எதிரே இருக்கும் படியைத் தொட்டால் சாய்வு சரி.

கூரைமேல் கால் வைத்து இறங்கப் போகிறீர்கள் என்றால் ஏணி விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். ஏணியை விட்டுக் கூரைக்கு மாறும் அந்த ஒரு நொடிக்குக் கைப்பிடி அதுதான். 10 அடி உயர விளிம்புக்கு மேல் மூன்றடி சேர்த்து, சாய்வுக்கும் கொஞ்சம் விட்டால் 14 அடி ஏணி வேண்டும். கைப்பிடிச் சுவரோடு 14 அடி வரும் மொட்டை மாடிக்கு 18 அடி. அந்த உயரத்துக்கு மாதம் ஒருமுறை ஏறுகிறவர்கள் ஏணி வாங்குவதைவிட, சுவரோடு பதித்த இரும்புப் படியோ வெளிப்படிக்கட்டோ போட்டுவிடுவது நல்லது.

நீட்டும் ஏணி வாங்கினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுசா நீட்டுனா எத்தனை அடிங்க நிக்கும்?" 10 அடித் துண்டு இரண்டு சேர்ந்து 20 அடி ஆகாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று மூன்றடியாவது ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே 17 அடிதான் கிடைக்கும். வாடகைக்கு எடுப்பதும் நல்ல வழிதான். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் இடங்களிலும் பந்தல்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். வருசத்துக்கு ஒரு முறை பெயிண்ட் அடிக்க அது போதும்.

குழாய்க்குள் குழாயாக இறங்கும் டெலஸ்கோப் ஏணி ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வசதி, கார் டிக்கியில் அடங்கும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் பூட்டு உண்டு, அத்தனையும் 'டிக்'கென்று விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மண்ணும் பஞ்சுத் தூசியும் பூட்டில் அடைத்துக்கொள்ளும். தறி ஓடும் வீட்டுக்கும் தோட்ட வீட்டுக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். நாலாய் மடங்கும் பல வேலை ஏணியும் கிடைக்கிறது. கீல் பூட்டுகள் நன்றாக இருந்தால் நல்லதுதான், கனம்தான் கூடுதல்.

4. ஓட்டு வீட்டுக்காரர்களுக்குத் தனியாக

புரட்டாசி மாதத்தில், ஐப்பசி மழைக்கு முன்னால், உடைந்த ஓடுகளை மாற்றிவிடுவது வழக்கம். இங்கே தவறாமல் நடக்கும் தப்பு, ஏணியை ஓட்டு விளிம்பிலேயே சாய்ப்பது. ஓடு உடையும், உடைந்த சில்லோடு சேர்ந்து ஏணியும் நழுவும். சுவர்த் தலையிலோ, ஓட்டைத் தாங்கும் சாய்மரமான கைமரத்தின் முனையிலோ ஏணி பதியும்படி வையுங்கள். மேல்முனையைக் கயிற்றால் கைமரத்தோடு கட்டிவிடுங்கள். கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டின்மேல் நடப்பது வேறு வித்தை. கைமரம் ஓடும் வரிசை பார்த்துக் கால் வைக்கத் தெரிந்தவர் மட்டும் ஏறட்டும்.

இந்த வேலைக்கு இன்றைக்கும் மூங்கில் ஏணி மோசமில்லை. கனம் குறைவு, நீளமாகக் கிடைக்கும், வெயிலில் கையைச் சுடாது. உள்ளே கெட்டியாக இருக்கும் கல் மூங்கிலில் செய்ததைக் கேளுங்கள். தேய்பிறையில் வெட்டியது, பூச்சி அரித்து உளுக்காது என்று சொல்லி விற்பார்கள். எப்போது வெட்டியதாக இருந்தாலும் நீங்களே சோதித்துவிடுங்கள். ஏணியைத் தரையில் படுக்க வைத்து கணுவுக்குக் கணு ஒரு கல்லால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தால் அங்கே உளு இருக்கிறது. கீழே மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியிருந்தால் அந்த ஏணி வேண்டவே வேண்டாம். படியை நுழைத்த துளையிலிருந்து நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நகம் உள்ளே போகிற அளவு வெடிப்பு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். படி நுழையும் இடங்களுக்கு மேலும் கீழும் கம்பியோ கயிறோ இறுக்கிக் கட்டியிருந்தால் வெடிப்பு பரவாது.

மூங்கிலுக்கும் மர ஏணிக்கும் பெயிண்ட் அடிக்காதீர்கள். வெடிப்பையும் உளுவையும் பெயிண்ட் மூடிவிடும், ஏறுகிறவருக்குத் தெரியாது. எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தெரியும்படியான வார்னிஷ் அடியுங்கள்.

5. கரன்ட் இருக்கும் இடத்தில் எந்த ஏணி

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. அலுமினியமும் இரும்பும் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஆளைக் கொல்லப் போதும். தோட்டத்து மோட்டாருக்கும் தறிக்கும் வரும் மூன்று பேஸ் லைன் சுமார் 400 வோல்ட். வயரிங் வேலைக்கு ஏறுகிறவர்கள் ஃபைபர் கிளாஸ் ஏணி வாங்க வேண்டும். விலை கூடுதல், கனமும் கொஞ்சம் கூடுதல். சாதாரண வீட்டில் பல்பு மாற்றுவதற்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அலுமினிய ஏணியிலேயே ஏறலாம். காய்ந்த மூங்கில் பரவாயில்லை என்று நினைத்து ஈர மூங்கிலில் ஏறிவிடாதீர்கள். ஈரம் பட்டால் அதுவும் கடத்தும்.

மெயினை அணைத்தாலும் கம்பத்திலிருந்து வீட்டு முன்சுவருக்கு வரும் சர்வீஸ் வயரில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அதன் பக்கத்தில் வேலை என்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். எந்த வகை ஏணியாக இருந்தாலும் தெருக் கம்பிக்கு 10 அடிக்குள் கொண்டு போகாதீர்கள். நீள ஏணியைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நடப்பதும் ஆபத்து. படுக்க வைத்துத்தான் எடுத்து வர வேண்டும், சாய்க்கும் இடத்தில் மேலே பார்த்துவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும்.

6. எவ்வளவு எடை தாங்கும்?

ஏணியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வில்லையில் இருப்பது ஆளின் எடை மட்டும் இல்லை, ஆளும் அவர் கையில் கொண்டு போவதும் சேர்ந்த எடை. 75 கிலோ ஆள் 10 லிட்டர் பெயிண்ட் வாளியோடு ஏறினால் 90 கிலோ ஆகிவிடும். 100 கிலோ என்று போட்ட ஏணியில் மிச்சம் பத்து கிலோதான். வீட்டுக்கு 150 கிலோ என்று போட்டதையே வாங்குங்கள். இ.என். 131 என்ற ஐரோப்பியத் தரநிலை எண் சில ஏணிகளில் இருக்கும், அதன்படி செய்ததும் 150 கிலோ வகைதான். ஒட்டுவில்லையே இல்லாத ஏணியை அடுத்த கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

7. கடையில் விரித்து, ஏறி, முறுக்கிப் பாருங்கள்

பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். "திறந்தா வாங்கணுங்க" என்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. ஏணியைச் சமமான தரையில் விரியுங்கள், நாலு காலும் பதிய வேண்டும். ஒரு கால் ஆடினால் அது தரையின் குறையா ஏணியின் குறையா என்று இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். முதல் படியில் ஏறி நின்று தோளை இடமும் வலமும் திருப்புங்கள். ஏணியும் உங்களோடு முறுகினால் தகடு மெல்லியது. இரண்டாம் படியில் இன்னொரு முறை.

இறங்கி ரிவெட்டுகளைப் பாருங்கள், தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. இரண்டு பக்கக் கால்களையும் இணைக்கும் பூட்டு தானாக விழ வேண்டும், தட்டி உட்கார வைக்கும்படி இருக்கக் கூடாது. படி மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் அகலமாக, மேலே வரிவரியாக இருக்கட்டும். நம் வீடுகளில் வெறுங்காலோடுதான் ஏறுகிறோம். உருண்டைக் கம்பிப் படி ஐந்தே நிமிசத்தில் பாதத்தை அறுக்கும், வலியில் ஆள் காலை மாற்றி மாற்றி வைப்பார். அம்மாவைக் கூட்டிப் போய் ஏற வைத்துத்தான் நான் வாங்கினேன். "அகலமா இருக்குது சாமி, பயமில்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் பணம் கொடுத்தேன்.

வெல்டிங் பட்டறையில் சொல்லி அடிக்கிறவர்கள் ஒவ்வொரு படிக்கும் இரண்டு பக்கமும் முழுச் சுற்று வெல்டிங் கேளுங்கள். புள்ளி வைத்துவிட்டு மேலே பெயிண்ட் பூசிக் கொடுத்தால் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே பெயிண்டுக்கு முன்னால் போய்ப் பாருங்கள். குழாயின் திறந்த முனைகளையும் அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளேயிருந்து துருவேறும்.

8. ஏறும் நாளில்

செம்மண்ணோ கரிசலோ சாணி வழித்த வாசலோ, மண் தரையில் ஏணியை நேராக வைக்காதீர்கள். அடியில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் வையுங்கள். டைல்ஸ் தரையில் தண்ணீர் இருந்தால் துடைத்த பிறகு. வேட்டியோ லுங்கியோ மடித்து இறுகக் கட்டிக்கொள்ளுங்கள், சேலை முந்தானையை இடுப்பில் செருகுங்கள், தொளதொளவென்ற செருப்பைக் கழற்றிவிடுங்கள். ஏணிக்கு முகத்தைக் காட்டியே ஏறவும் இறங்கவும் வேண்டும். வயிறு எப்போதும் இரண்டு பக்கக் கால்களுக்கு நடுவில் இருக்கட்டும். வயிறு வெளியே போகிற அளவு எட்ட வேண்டியிருந்தால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்த இரண்டு மாதமும் வெளிச் சாய்ப்பு ஏணி வேலைகளைத் தள்ளிப் போடுங்கள். தள்ள முடியாத வேலை என்றால் காற்று சற்றே அடங்கும் விடியற்காலையில், ஏணியின் மேல்முனையைக் கட்டிவிட்டு ஏறுங்கள்.

9. வைக்கும் இடம்

நீள ஏணியைச் சுவரில் நட்டமாகச் சாத்தி வைத்தால் பிள்ளைகள் ஏறும். தாவாரத்து நிழலில், இரண்டு கொக்கி அடித்துப் படுக்கவாட்டில் மாட்டுங்கள். வெயிலில் கிடந்தால் மூங்கில் வெடிக்கும், ரப்பர் காலும் காய்ந்து பிளக்கும். அலுமினிய ஏணியில் முதலில் கெடுவது அந்த ரப்பர்தான். தேய்ந்து கட்டைபோல் ஆனதும் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊரில் ஒரு வீட்டு ஏணி நாலு வீட்டுக்குப் போய் வரும், கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. எங்கள் ஏணி திரும்பி வந்ததும் அம்மா அதைத் தலைகீழாகத் திருப்பி நாலு ரப்பரும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறார்.